கொழும்பில் நோயாளரையும் முதியவரையும் வீட்டில் வைத்துப் பராமரிப்போருக்கு: அரச கொடுப்பனவும் மேன்முறையீடும்

படுக்கையில் இருக்கும் தாயையோ, நடமாட இயலாத கணவரையோ, எந்நேரமும் ஆள்துணை வேண்டிய பிள்ளையையோ வீட்டில் வைத்துப் பார்ப்பவர்கள் பிரதேச செயலகத்துக்கு முதன்முறை போகும்போது பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "வேலையை விட்டுவிட்டுப் பார்க்கிற எனக்கு ஏதாவது கிடைக்குமா?" பராமரிப்பவருக்கென்று தனியான மாதக் கொடுப்பனவு, அரசின் நலன்புரிக் கொடுப்பனவுத் திட்டமான அஸ்வெசுமவில் இல்லை. கொடுப்பனவு, பராமரிக்கப்படுபவரின் பெயரிலோ அவர் வாழும் குடும்பத்தின் பெயரிலோதான் வருகிறது. இரவு பகலாக உழைப்பவரின் உழைப்பு எந்தப் பத்தியிலும் பதியப்படாமல் போவது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனாலும் இருக்கும் ஒழுங்கு இதுதான். ஆகவே பராமரிப்பவர் தம்மைப் பற்றி எழுதுவதைக் காட்டிலும், தாம் பார்த்துக்கொள்பவரின் நிலை படிவத்திலும் மருத்துவச் சான்றிதழிலும் உள்ளபடி பதியப்படுகிறதா என்று கவனிப்பதே பலன் தரும். நான் பார்த்த நிராகரிப்புகளில் பெரும்பாலானவை, தகுதி இருந்தும் தகுதி தாளில் ஏறாததால் நேர்ந்தவை.

எந்தெந்தக் கொடுப்பனவுகள்

அஸ்வெசும, 2002 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ் நலன்புரி நன்மைகள் சபையால் நடத்தப்படுகிறது. 2023 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. இதில் இரண்டு வகைக் கொடுப்பனவுகளை வேறுபடுத்தி அறிந்துகொள்ள வேண்டும். முதலாவது, குடும்பத்தின் வறுமை நிலையை அளந்து வழங்கப்படுவது. திட்டம் தொடங்கியபோது குடும்பங்கள் 4 பிரிவுகளாக வகுக்கப்பட்டு மாதம் 2,500, 5,000, 8,500, 15,000 ரூபா என வழங்கப்பட்டன. 2025 ஜனவரி முதல் வறிய குடும்பங்களுக்கான 8,500 ரூபா 10,000 ஆகவும், மிகவும் வறிய குடும்பங்களுக்கான 15,000 ரூபா 17,500 ஆகவும் உயர்த்தப்பட்டன. 2,500, 5,000 ரூபாவுக்குரிய மற்ற இரு பிரிவினருக்கும் தொடக்கத்திலிருந்தே குறுகிய கால வரையறை வைத்தே கொடுப்பனவு வழங்கப்பட்டது. அந்த வரையறை பின்னர் நீட்டிக்கப்பட்டது. எனவே அப்பிரிவுகளில் பெயர் உள்ளவர்கள் கொடுப்பனவு இன்னும் உண்டா, எந்த மாதம் வரை என்பதைக் கேட்டறிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது வகை, தனி ஒருவரின் நிலையைப் பார்த்து வழங்கப்படுவது. மாற்றுத்திறனாளிகள், நாட்பட்ட சிறுநீரக நோயாளர்கள், குறைந்த வருமானமுள்ள 70 வயதுக்கு மேற்பட்டோர் ஆகிய மூன்று தரப்பினருக்கும் இது உரியது. 2025 ஏப்ரல் முதல் முதலிரு தரப்பினருக்கும் 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாகவும், முதியோருக்கு 3,000 ரூபாவிலிருந்து 5,000 ரூபாவாகவும் கூட்டப்பட்டது. வீட்டில் ஒருவரைப் பராமரிப்போர் பெரும்பாலும் தவறவிடுவது இந்த இரண்டாம் வகையைத்தான். குடும்பப் பட்டியலில் பெயர் வந்தவுடன் எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். மாற்றுத்திறனாளிக்கான விண்ணப்பம் தனியாகப் போக வேண்டும் என்பது பல மாதங்கள் கழித்தே தெரியவருகிறது. தொகைகள் வரவுசெலவுத் திட்டத்திலும் வர்த்தமானியிலும் மாறக்கூடியவை என்பதால், விண்ணப்பிக்கும் நாளில் நடைமுறையிலுள்ள தொகையை 1924 என்ற சபையின் தொலைபேசி இலக்கத்தில் உறுதிப்படுத்திக்கொள்ளலாம்.

முதற்படி: கொழும்பில் உங்களுக்கு முகவரி உண்டா

யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ ஹட்டனிலிருந்தோ சிகிச்சைக்காகக் கொழும்புக்கு வந்து, தேசிய வைத்தியசாலைக்கோ மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கோ போய்வர வசதியாக ஒரு வாடகை அறையில் தங்கிவிட்ட குடும்பங்கள் பல. சில மாதங்கள் என்று வந்தது சில ஆண்டுகளாகிவிடும். ஆனால் வாக்காளர் இடாப்பில் பெயர் இன்னும் ஊரில் இருக்கும். கொழும்பில் உள்ள கிராம உத்தியோகத்தர் இவர்களை அறிந்திருக்கமாட்டார். விண்ணப்பம் முதலில் முட்டுப்படும் இடம் இதுவே.

எனவே வேறெதையும் செய்வதற்கு முன், நீங்கள் வசிக்கும் இடம் எந்தக் கிராம உத்தியோகத்தர் பிரிவு, எந்தப் பிரதேச செயலகம் என்று தெரிந்துகொள்ளுங்கள். கொழும்பு மாநகரத்துக்குள் இரண்டு பிரதேச செயலகப் பிரிவுகள் உள்ளன. மட்டக்குளி, முகத்துவாரம், கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ், கொம்பனித்தெரு ஆகிய பகுதிகள் கொழும்புப் பிரதேச செயலகத்தைச் சேர்ந்தவை. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, பாமன்கடை, கிருலப்பனை, நாரஹேன்பிட்டி, பொரளை ஆகியவை திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்துக்கு உட்பட்டவை. வெள்ளவத்தையைக் கடந்து பாலத்துக்கு அப்பால் தெஹிவளைக்குப் போய்விட்டால் அது வேறு செயலகம். ஒரே காலி வீதிதான், பஸ்ஸில் இரண்டு தரிப்பிடங்கள்தான் என்றாலும், கோப்பு ஒரு செயலகத்திலிருந்து மற்றதற்குத் தானாகப் போய்விடாது.

வதிவிடத்தை உறுதிப்படுத்தக் கேட்கும்போது வாடகை ஒப்பந்தமோ மின்சாரப் பட்டியலோ வீட்டு உரிமையாளரின் கடிதமோ காட்ட வேண்டியிருக்கும். உரிமையாளர்கள் கடிதம் தரத் தயங்குவதுண்டு. குடியிருப்பவருக்கு வீட்டில் உரிமை வந்துவிடுமோ, வரிக் கணக்கில் சிக்கிவிடுமோ என்ற அச்சம் அவர்களுக்கு. இன்னார் இந்த முகவரியில் இந்தத் திகதி முதல் வாடகைக்கு வசிக்கிறார் என்ற ஒரு வாக்கியம் மட்டும் உள்ள கடிதத்தை நீங்களே எழுதிக்கொண்டு போய்க் கையொப்பம் கேட்பது பெரும்பாலும் பலிக்கும். ஊரில் ஏற்கெனவே அஸ்வெசும பெறும் குடும்பமாக இருந்தால் கொழும்பில் புதிதாக விண்ணப்பிக்காதீர்கள். முகவரி மாற்றத்தை ஊரிலுள்ள செயலகத்துக்கும் இங்குள்ள செயலகத்துக்கும் அறிவித்து, பதிவை மாற்றிக்கொள்வதே முறை. ஒரே தேசிய அடையாள அட்டை இலக்கம் இரண்டு இடங்களில் தென்பட்டால் இருப்பதும் நின்றுவிடக்கூடும்.

இரண்டாம் படி: மருத்துவச் சான்றிதழ்

இதில் மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் செலவிடுங்கள். மருத்துவர் எழுதித் தரும் சான்றிதழ்களில் பெரும்பாலும் நோயின் பெயர் மட்டுமே இருக்கும்: பக்கவாதம், நீரிழிவு, பார்கின்சன் என்று ஒரு சொல். கோப்பைப் பார்த்து முடிவெடுக்கும் அலுவலர் மருத்துவர் அல்லர். பக்கவாதம் வந்து தேறி, சாரதியாக வேலைக்குத் திரும்பியவரையும் அவருக்குத் தெரியும். பக்கவாதத்தால் ஆண்டுக்கணக்கில் படுக்கையில் கிடப்பவரையும் தெரியும். ஒரு சொல்லிலிருந்து உங்கள் வீட்டில் இருப்பது இவர்களுள் யார் என்று அவரால் அறிய முடியாது.

சான்றிதழில் இருக்க வேண்டியவை: நோயின் பெயர், அது எப்போது தொடங்கியது, நிரந்தரமானதா, தேறக்கூடியதா, நோயாளரால் தாமாக எழுந்து நடக்கவும், உண்ணவும், குளிக்கவும், மலசலகூடத்துக்குப் போகவும் முடியுமா, மற்றொருவரின் உதவி எவ்வளவு தேவை. இவற்றுள் கடைசி இரண்டும்தான் பராமரிப்பை அளந்து காட்டுபவை. கிளினிக்கில் மருத்துவர் ஒரு நோயாளருக்கு ஒதுக்கக்கூடிய நேரம் மிகக் குறைவு. ஆகவே இவ்விபரங்களை ஒரு தாளில் ஐந்தாறு வரிகளில் எழுதிக்கொண்டு போய், நோயாளரின் கிளினிக் கொப்பிக்குள் வைத்து நீட்டுங்கள். "டொக்டர், பிரதேச செயலகத்தில் கேட்கிறார்கள், இதில் உள்ளவற்றைப் பார்த்து எழுதித் தர முடியுமா?" என்று கேட்டால் பெரும்பாலான மருத்துவர்கள் மறுப்பதில்லை. சான்றிதழ் அரச வைத்தியசாலை மருத்துவருடையதாக இருப்பதும், அதில் திகதி, கையொப்பம், பதவி முத்திரை, இலங்கை மருத்துவச் சபைப் பதிவு இலக்கம் ஆகியன தெளிவாகப் பதிந்திருப்பதும் முக்கியம். மங்கிய முத்திரைக்காகக் கோப்பைத் திருப்பி அனுப்பியதை நான் கண்டிருக்கிறேன். நோயாளரைத் தூக்கிக்கொண்டு மறுபடி முச்சக்கர வண்டி பிடிக்கும் செலவை அந்த மேசையில் யாரும் கணக்கிடுவதில்லை.

தனியார் வைத்தியசாலையில் மட்டுமே காட்டிவருபவர்கள் ஒருமுறையேனும் அரச கிளினிக்கில் பதிந்துகொள்வது நல்லது. சிறுநீரக நோயாளர்களுக்கு இது இன்னும் அவசியம். அவர்களின் நோய் நிலையை அரச வைத்தியசாலையின் சிறுநீரகப் பிரிவு உறுதிப்படுத்துவதே கோப்பில் எடுபடும். மனநோயும் நினைவிழப்பு நோயும் உள்ளவர்களைப் பராமரிப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்நோயாளர் வெளிப்பார்வைக்கு நன்றாக நடப்பார், பேசுவார். கள அலுவலர் வந்து "எப்படி இருக்கிறீர்கள் அம்மா?" என்று கேட்டால், "எனக்கென்ன, நன்றாக இருக்கிறேன், சமையலெல்லாம் நான்தான்" என்று சொல்லக்கூடும். அடுப்பைத் திறந்துவைத்துவிட்டு மறந்துபோவதும், வாசல் தாண்டினால் திரும்பி வர வழி தெரியாததும் சான்றிதழில் இருந்தால்தான் அந்தப் பதிலுக்கு மாற்று இருக்கும்.

மூன்றாம் படி: விண்ணப்பமும் வீட்டுக்கு வரும் அலுவலரும்

குடும்பத்துக்கான அஸ்வெசும விண்ணப்பம் சபை அறிவிக்கும் காலப்பகுதியில்தான் ஏற்கப்படும். முதற்கட்டத்துக்கு 2022 இலும் இரண்டாம் கட்டத்துக்கு 2024 இலும் விண்ணப்பங்கள் கோரப்பட்டன. கால அறிவித்தல் பத்திரிகையில் வரும், கிராம உத்தியோகத்தர் அலுவலகத்தில் ஒட்டப்படும். வீட்டை விட்டு வெளியேற முடியாத பராமரிப்பாளர் இரண்டையும் பார்க்கமாட்டார் என்பதால், அலுவலகத்துக்குப் போகும்போது உங்கள் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்துவைப்பதும், அயலில் ஒருவரிடம் சொல்லிவைப்பதும் பயன்தரும். மாற்றுத்திறனாளி, முதியோர் கொடுப்பனவுகளுக்குப் பிரதேச செயலகத்திலுள்ள சமூக சேவை உத்தியோகத்தரையும் முதியோர் விடயத்துக்குப் பொறுப்பான உத்தியோகத்தரையும் தனியாகச் சந்தியுங்கள். காத்திருப்போர் பட்டியலில் பெயர் ஏறியதா, ஏறிய திகதி எது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

குடும்பத் தெரிவு 6 துறைகளின் கீழ் 22 குறிகாட்டிகளைக் கொண்டு நடைபெறுகிறது: கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்துகள், வீட்டு நிலை, குடும்ப அமைப்பு. கள அலுவலர் வீட்டுக்கு வந்து பதியும் விபரங்களே புள்ளிகளாக மாறுகின்றன. அதனால், அந்த அரை மணி நேரத்தில் சொல்லாமல் விட்டது பின்னர் மேன்முறையீட்டில்தான் சொல்லப்பட வேண்டியிருக்கும்.

நம்மவர்களுக்கு இங்கே ஒரு பழக்கம் குறுக்கே நிற்கிறது. வீட்டுக்கு ஆள் வருகிறார் என்றால் கூட்டிப் பெருக்கி, கட்டிலில் நல்ல விரிப்பு விரித்து, நோயாளரைக் குளிப்பாட்டி உட்கார வைத்து, பிஸ்கட்டும் தேநீரும் கொடுத்து, "கடவுள் புண்ணியத்தில் சமாளிக்கிறோம்" என்று சொல்லி அனுப்புவோம். இல்லாததை இருப்பதாகக் காட்டுவது நமக்கு மானம் சார்ந்த விடயம். ஆனால் அலுவலரின் படிவத்தில் மானத்துக்குப் பத்தி இல்லை. சிறுநீர்ப் பை, மாற்றுத் துணிகள், மருந்துப் பெட்டி, சக்கர நாற்காலி என்று வீடு வழமையில் இருக்கும்படியே இருக்கட்டும். மருத்துவச் சான்றிதழ், கிளினிக் கொப்பி, மருந்து வாங்கிய பற்றுச்சீட்டுகள் ஆகியவற்றைப் பிரதியெடுத்து ஒரு கோப்பில் போட்டு அவர் கையிலேயே கொடுங்கள். நோயாளரைப் பார்ப்பதற்காக யாராவது வேலையை விட்டிருந்தால், பணியிலிருந்து விலகிய கடிதத்தின் பிரதியையும் அதில் சேருங்கள். பராமரிப்பவருக்கான பத்தி படிவத்தில் இல்லாவிட்டாலும், குடும்ப வருமானம் ஏன் விழுந்தது என்பதற்கு அக்கடிதமே ஆதாரம்.

கொழும்பில் தோட்டங்கள் எனப்படும் நெருக்கமான குடியிருப்புகளிலும் முடுக்குகளிலும் தொடர்மாடிகளிலும் இரண்டு விடயங்கள் திரும்பத் திரும்பத் தவறாகப் பதியப்படுகின்றன. ஒன்று மின்சாரம். பல குடும்பங்கள் ஒரே மீற்றரில் மின்சாரம் எடுக்கும் இடத்தில், மொத்தப் பட்டியலும் ஒரு குடும்பத்தின் பாவனையாகப் பதியப்பட்டால் அக்குடும்பம் வசதியான குடும்பமாகத் தோன்றும். மீற்றரை எத்தனை வீட்டார் பகிர்கிறார்கள் என்பதை வாய்விட்டுச் சொல்லி, படிவத்தில் குறிக்கச் சொல்லுங்கள். ஒட்சிசன் இயந்திரமோ காற்று மெத்தையோ இரவு பகலாக ஓடும் வீடானால் அதையும் சொல்லுங்கள். அந்த அலகுகள் ஆடம்பரத்தால் கூடியவை அல்ல. மற்றது, யார் யார் ஒரே குடும்பம் என்பது. தாயைப் பார்ப்பதற்காக மகள் தன் கணவர், பிள்ளைகளோடு வந்து தங்கியிருக்கலாம். அல்லது மாடியில் அண்ணன் குடும்பம் தனியாகச் சமைத்து உண்ணலாம். எல்லோரையும் ஒன்றாகச் சேர்த்து எழுதினால், அண்ணனின் சம்பளம் தாயின் வருமானமாகிவிடும். யார் யார் ஒன்றாகச் சமைத்து உண்கிறார்கள், யாருடைய செலவு தனி என்பதைத் தொடக்கத்திலேயே தெளிவாகச் சொல்லுங்கள். உண்மையை மட்டும் சொல்லுங்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்; படிவத்தின் கீழே உள்ள பிரகடனத்தில் கையெழுத்திடுபவர் நீங்கள்.

படிவம் சிங்களத்தில் நிரப்பப்பட்டால், ஒவ்வொரு பதிலையும் தமிழில் வாசித்துச் சொல்லக் கேட்டபின் கையெழுத்திடுங்கள். இது தயவாகக் கேட்பதன்று. சிங்களம் நிருவாக மொழியாக உள்ள பகுதியிலும், பொதுமகன் ஒருவர் அரச அலுவலருடன் தமிழில் தொடர்புகொள்ளவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை உரித்தளிக்கிறது. உரத்துப் பேச வேண்டியதில்லை. தமிழ் தெரிந்த அலுவலர் ஒருவரை அழைக்கும்படி அமைதியாகக் கேட்டுக் காத்திருந்தாலே பெரும்பாலும் போதும். நிரப்பிய படிவத்தைக் கைத்தொலைபேசியில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் மேன்முறையீடு செய்ய நேர்ந்தால், எது தவறாகப் பதியப்பட்டது என்று விரல்வைத்துக் காட்ட அந்தப் படங்களைத் தவிர உங்களிடம் வேறெதுவும் இராது.

வங்கிக் கணக்கு

தெரிவானவர்கள் பிரதேச செயலகம் தரும் கடிதத்துடனும் தேசிய அடையாள அட்டையுடனும் இலங்கை வங்கி, மக்கள் வங்கி, தேசிய சேமிப்பு வங்கி, பிரதேச அபிவிருத்தி வங்கி போன்ற அரச வங்கியொன்றில் கணக்குத் திறக்க வேண்டும். படுக்கையில் உள்ளவரின் பெயரில் கணக்கு வேண்டியிருந்தால், வங்கி முகாமையாளரிடம் முன்கூட்டியே பேசுங்கள். கைவிரல் அடையாளம் வைத்தல், வீட்டுக்கே அலுவலரை அனுப்புதல், மற்றொருவரை அதிகாரமளித்தல் ஆகியவற்றில் அந்தக் கிளை எதை அனுமதிக்கும் என்று அவர் சொல்வார். ஏ.டி.எம். அட்டையையும் இரகசிய இலக்கத்தையும் அயலவரிடமோ கடைக்காரரிடமோ அடகுபோல் கொடுத்துவைக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. வேண்டாம்.

பட்டியலில் பெயர் இல்லை, அல்லது பிரிவு தவறு: மேன்முறையீடு

தெரிவுப் பட்டியல் பிரதேச செயலகத்திலும் கிராம உத்தியோகத்தர் அலுவலகத்திலும் காட்சிப்படுத்தப்படும். சபையின் இணையத்தளத்திலும் அடையாள அட்டை இலக்கத்தைக் கொண்டு பார்க்கலாம். பட்டியல் வெளியானபின் குறிப்பிட்ட காலத்துக்குள் இரண்டு வகை மனுக்கள் ஏற்கப்படும். தாம் சேர்க்கப்படவில்லை, அல்லது குறைந்த தொகைக்குரிய பிரிவில் சேர்க்கப்பட்டோம் என்று கருதுபவர் செய்வது மேன்முறையீடு. தகுதியற்ற மற்றொருவர் சேர்க்கப்பட்டுள்ளார் என்று பிறர் செய்வது ஆட்சேபனை. இரண்டையும் குழப்பிக்கொண்டு, "பக்கத்து வீட்டில் வான் வைத்திருப்பவருக்குக் கிடைக்கிறது, எனக்கு இல்லை" என்று மேன்முறையீட்டை எழுதுபவர்கள் ஏராளம். அவ்வளவும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அயலவரின் வானைப் பற்றி எழுதிய வரிகளால் உங்கள் புள்ளி ஒன்றுகூட உயராது. உங்கள் வீட்டின் விபரம்தான் கூட்டும்.

2023 இல் முதற்பட்டியல் வெளியானபோது மேன்முறையீடுகள் இலட்சக்கணக்கில் குவிந்தன. அவ்வளவு கோப்புகளுள் ஒன்றாக உங்களுடையதைக் கையில் எடுப்பவர், முதற்பக்கத்தில் எதைக் காண்கிறாரோ அதைக் கொண்டே அடுத்து என்ன என்று தீர்மானிப்பார். ஆகையால் வாழ்க்கைச் சரித்திரத்தை எழுதாமல், படிவத்தில் எந்த விபரம் தவறு, சரியான விபரம் எது, அதற்கு ஆதாரம் எது என்ற மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக வையுங்கள். படிவத்துடன் இணைக்கும் கடிதம் இவ்வாறு அமையலாம்:

"எமது குடும்ப விபரப் படிவத்தில், நீண்டகால நோயாளர் எவரும் இல்லை எனப் பதியப்பட்டுள்ளது. இது தவறாகும். என் கணவருக்குப் பக்கவாதம் ஏற்பட்டு வலது கையும் காலும் செயலிழந்துள்ளன. தாமாக எழவோ உண்ணவோ அவரால் இயலாது. தேசிய வைத்தியசாலையின் நரம்பியல் கிளினிக் சான்றிதழ் இணைப்பு 1. மேலும், எமது மின்பாவனையாகக் காட்டப்பட்டுள்ள அலகுகள் ஒரே மீற்றரைப் பகிரும் மூன்று குடும்பங்களுடையவை. வீட்டு உரிமையாளரின் கடிதம் இணைப்பு 2. என் கணவரைப் பராமரிப்பதற்காக நான் தையல் தொழிற்சாலை வேலையிலிருந்து விலகினேன். விலகல் கடிதம் இணைப்பு 3. இவ்விபரங்களைத் திருத்தி, எமது குடும்பத்தை மீண்டும் மதிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்."

இவ்வளவு போதும். கெஞ்சும் வரிகளும் "தாழ்மையுடன்" என்ற சொல்லின் நான்கைந்து அடுக்குகளும் கடிதத்தை நீட்டுமே தவிர வேறு பயன் தராது. தமிழிலேயே எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதினால் மதிப்பு என்று எண்ணி, தட்டச்சுக் கடையில் காசு கொடுத்து எழுதுவித்த கடிதங்களில் கணவர் மகனாகவும் இடதுகால் வலதுகாலாகவும் மாறியிருப்பதைக் காணலாம்.

இணையத்தில் சமர்ப்பித்தால், சமர்ப்பித்தமைக்கான இலக்கம் தோன்றும் திரையைப் படம் எடுங்கள். கையில் கொடுத்தால் இரண்டு பிரதிகள் கொண்டுபோய், ஒன்றில் பெற்ற திகதியும் முத்திரையும் இட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை இட மறுத்தால், அன்றே பதிவுத் தபாலில் பிரதேச செயலாளரின் பெயருக்கு அனுப்பி, தபால் பற்றுச்சீட்டைக் கோப்பில் ஒட்டுங்கள். மீள்பரிசோதனைக்கு அலுவலர் வருவதாகச் சொன்னால், நோயாளரைக் கிளினிக்குக்குக் கொண்டுபோகும் நாட்களைச் சொல்லிவைப்பது அவசியம். வீடு பூட்டியிருந்தது என்ற குறிப்போடு கோப்பு மூடப்படுவதற்குக் கொழும்பில் கிளினிக் நாட்களே முக்கிய காரணம்.

உங்கள் கொடுப்பனவுக்கு எதிராக யாரேனும் ஆட்சேபனை தெரிவித்திருந்தால் செயலகம் உங்களை அழைத்து விசாரிக்கும். யார் எழுதினார் என்று தேடி அயலவருடன் சண்டைக்குப் போவதில் பயனில்லை. சொல்லப்பட்ட குறையை மட்டும் கேட்டு, அதே மூன்று பகுதி முறையில் பதில் எழுதிக் கொடுங்கள்.

பதில் வராவிட்டாலோ மறுக்கப்பட்டாலோ

முதலில் கையிலெடுக்க வேண்டியது 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். இதைப் பலர் பத்திரிகையாளருக்கான சட்டம் என்று நினைக்கிறார்கள். என் பார்வையில் பராமரிப்பவர் கையில் இருக்கும் மிகவும் மலிவான கருவி இதுதான். பிரதேச செயலகத்தின் தகவல் அலுவலருக்கு ஒரு கடிதம் எழுதி, உங்கள் குடும்பம் பற்றிப் பதியப்பட்ட விபரங்களின் பிரதி, குறிகாட்டிகளுக்குக் கிடைத்த புள்ளிகள், மேன்முறையீட்டின் மீது எடுத்த தீர்மானமும் அதற்கான காரணமும் என மூன்றையும் கேளுங்கள். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று விளக்க வேண்டிய கடமை உங்களுக்கில்லை. தகவலைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கும், அதன்பின் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம். பதிவுகளின் பிரதி கையில் கிடைத்தவுடன் பல வேளைகளில் சிக்கல் எங்கே என்பது தெரிந்துவிடும்: வயது தவறு, மாற்றுத்திறனாளி என்ற இடம் வெற்றிடம், வேறொருவரின் வாகனம் உங்கள் அடையாள அட்டை இலக்கத்தோடு இணைக்கப்பட்டிருத்தல். அப்போது மேன்முறையீட்டை வாதமாக எழுத வேண்டியதில்லை. திருத்தக் கோரிக்கையாக எழுதினால் போதும்.

மொழி காரணமாகத் திருப்பி அனுப்பப்பட்டால் அரச கரும மொழிகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்யலாம். பாரபட்சமாக நடத்தப்பட்டதாகக் கருதினால் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு உண்டு. அடிப்படை உரிமை மீறலுக்காக உயர் நீதிமன்றத்துக்குப் போவதானால் ஒரு மாதக் காலமே இருப்பதால் அங்கு தாமதிக்க முடியாது. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கு விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அக்கணக்கில் சேராது. விசாரணை நடைபெறுகிறது என்பதைக் காட்டும் ஆணைக்குழுவின் கடிதம் உங்களிடம் இருக்க வேண்டும். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாதோர் புதுக்கடை நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். உண்மையைச் சொன்னால், மாதம் 10,000 ரூபா கொடுப்பனவுக்காக நீதிமன்றம் வரை போகும் குடும்பங்கள் மிகச் சில. தகவல் கோரும் கடிதத்திலேயே பெரும்பாலானவை தீர்ந்துவிடுகின்றன, அல்லது அங்கேயே சோர்ந்து நின்றுவிடுகின்றன.

கூடவே கேட்டுப் பார்க்க வேண்டியவை

பெற்றோரைப் பார்க்கும் பொறுப்பு ஒரு பிள்ளையின் தலையில் விழுந்து, மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வது நம் வீடுகளில் புதிதன்று. 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், தம்மைத் தாமே பராமரிக்க இயலாத முதியவர், வசதியுள்ள பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புப் பணம் கோரி, அச்சட்டத்தின்படி அமைக்கப்பட்ட பராமரிப்புச் சபைக்கு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் முதியவருடையதாகவே இருக்க வேண்டும். பார்த்துக்கொள்ளும் மகளோ மகனோ தமது பெயரில் கேட்க முடியாது. தாய் இதற்கு எளிதில் உடன்படமாட்டார். பெற்ற பிள்ளை மீது மனுவா என்பார். கட்டாயப்படுத்தாமல், அப்படியொரு வழி இருக்கிறது என்பதை உடன்பிறந்தோர் அறியச் செய்தாலே சில குடும்பங்களில் மாதாமாதம் ஒரு தொகை வரத் தொடங்கிவிடும்.

60 வயதைக் கடந்தவர்களுக்குப் பிரதேச செயலகத்தில் முதியோர் அடையாள அட்டை பெறலாம். கிளினிக் வரிசையில் அதன் அருமை தெரியும். சத்திரசிகிச்சை போன்ற பெருஞ்செலவுக்கு ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவி உண்டு. அதற்கான விண்ணப்பத்தை 2025 பெப்ரவரி முதல் பிரதேச செயலகங்களிலேயே கையளிக்கலாம். சக்கர நாற்காலி, செயற்கை உறுப்பு போன்றவற்றுக்குச் சமூக சேவை உத்தியோகத்தர் ஊடாக மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய செயலகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

கொடுப்பனவு வரத் தொடங்கியபின் குடும்ப நிலை மாறினால், அதாவது யாராவது வேலைக்குச் சேர்ந்தாலோ, முகவரி மாறினாலோ, நோயாளர் காலமானாலோ, கிராம உத்தியோகத்தருக்கும் பிரதேச செயலகத்துக்கும் எழுத்தில் அறிவித்து, அதற்கும் முத்திரையிட்ட பிரதி வாங்குங்கள். இறந்தவரின் பெயரில் தொடர்ந்து வரவு வைக்கப்படும் பணத்தை எடுத்தால், பிற்காலத்தில் அதைத் திருப்பிக் கேட்கும் கடிதம் பராமரித்தவரின் பெயருக்கே வரும். மரணச் சான்றிதழின் பிரதியை ஈமச் சடங்குகள் முடிந்த கையோடு செயலகத்தில் ஒப்படைத்து, அதே வேளையில் குடும்பத்துக்கான கொடுப்பனவு எவருடைய பெயருக்கு மாற்றப்பட வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.